பலபடிப் பரப்பும் நொதியும்: பிளாஸ்மாவுக்குப் பின் எழும் கேள்வி

ஒரு நெகிழியை அதன் உறுதிக்காகவும் எடைக் குறைவுக்காகவும் மலிவுக்காகவும் தேர்ந்தெடுப்பவர், அதன் மேற்பரப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தேர்வின்போது பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. ஆனால் அச்சு மை பிடிப்பதும், பசை இறுகுவதும், இரத்தம் உறைவதும், நுண்ணுயிர்கள் படலமாகப் படிவதும் அந்த மேற்பரப்பில்தான். பொருளின் உட்பகுதிக்கு உரிய தேவைகளும் மேற்பரப்புக்கு உரிய தேவைகளும் வேறு வேறானவை; பல வேளைகளில் ஒன்றுக்கொன்று முரணானவை. உட்பகுதியை அப்படியே விட்டுவிட்டு, மேலே உள்ள சில நானோமீட்டர் தடிமனை மட்டும் வேதியியல் முறையில் மாற்றியமைக்க முடியுமா, மாற்றியமைத்த பரப்பில் நொதி போன்ற ஓர் உயிர்ப்பொருளைப் பிணைத்து அது தன் வேலையைத் தொடர்ந்து செய்யுமாறு வைத்திருக்க முடியுமா என்னும் இரண்டு கேள்விகளே இவ்வுரையின் பொருள். முதற் கேள்விக்கு விடை ஏறக்குறைய கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வியில், பிணைப்பதைவிடப் பிணைந்துவிட்டதை ஐயமின்றி நிறுவுவதே கடினமான பகுதி என்பதை இத்துறையின் வரலாறு காட்டுகிறது.

பலபடி என்பது ஒரே வகையான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோக்கப்பட்ட பெரிய மூலக்கூறு. இங்கிலாந்தின் வின்னிங்டனில் இருந்த இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் 1933-இல் உயர் அழுத்தச் சோதனை ஒன்றின்போது எதிர்பாராமல் பெற்ற பாலிஎத்திலீன் இவற்றுள் மிக எளியது. அதன் சங்கிலியில் கார்பனும் ஹைட்ரஜனும் அன்றி வேறு எதுவுமில்லை. அமிலமோ காரமோ எளிதில் தாக்க முடியாத அந்த எளிமையே அதை நல்ல கொள்கலன் ஆக்குகிறது. அதே எளிமையால் மற்றொரு மூலக்கூறு பற்றிக்கொள்வதற்கான வேதிவினைத் தொகுதி எதுவும் அதன் மேற்பரப்பில் இல்லாமலும் போகிறது. பாலிஎத்திலீனின் பரப்பு ஆற்றல் மீட்டருக்குச் சுமார் 31 மில்லிநியூட்டன். பாலிபுரொப்பிலீனுக்குச் சுமார் 30. டெஃப்லான் எனப்படும் பாலிடெட்ராஃபுளோரோஎத்திலீனுக்கு 20-க்கும் கீழ். தண்ணீரின் பரப்பு இழுவிசையோ 20 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 73. இந்த இடைவெளியின் காரணமாகத் தண்ணீர் இப்பரப்புகளில் படராமல் திரண்டு நிற்கிறது. துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணமே சேர்கோணம். அதற்கும் பரப்பு விசைகளுக்கும் உள்ள தொடர்பை தாமஸ் யங் 1805-இலேயே எடுத்துரைத்தார். பாலிஎத்திலீனில் சேர்கோணம் 95 பாகை முதல் 100 பாகை வரை இருக்கும். டெஃப்லானில் 110-ஐ ஒட்டியிருக்கும். தாமரை இலைத் தண்ணீர் போல என்று சொல்லத் தோன்றும் இடம் இது. ஆனால் தாமரை இலையில் மெழுகோடு நுண்ணிய மேடுபள்ளங்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. வழவழப்பான நெகிழிப் படலத்தில் நிகழ்வது முழுக்க வேதியியல் சார்ந்தது.

இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்கள் உயிரியலாளர்கள் அல்லர், அச்சுத் தொழிலாளர்களே. பாலிஎத்திலீன் படலம் பொதிகட்டும் பொருளாகப் புழக்கத்துக்கு வந்தபோது, அதன்மேல் அச்சிட்ட மை காய்ந்த பிறகும் விரலோடு வந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த வெர்னர் ஐஸ்பி 1951-இல் உருவாக்கிய கரோனா முறை இதற்குத் தீர்வாயிற்று: ஓடும் படலத்துக்கும் மின்முனைக்கும் இடையிலுள்ள மெல்லிய காற்று இடைவெளியில் உயர் மின்னழுத்தம் செலுத்தினால், ஊதா நிற ஒளியோடும் ஓசோனின் காரமான நெடியோடும் மின்னிறக்கம் நிகழ்ந்து, படலத்தின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. தமிழ்நாட்டில் வீட்டு வாசலுக்கு வரும் பால் பாக்கெட்டின் வெளிப்புறத்தில் உள்ள எழுத்துகள் நனைந்த கையிலும் அழியாதிருப்பது இவ்வகைப் பக்குவத்தினால்தான். அச்சகங்களில் இது 'ட்ரீட்மென்ட்' என்றே வழங்குகிறது. அதன் அளவைச் சோதிக்கும் முறை மிக எளியது: குறிப்பிட்ட பரப்பு இழுவிசைக்குத் தயாரிக்கப்பட்ட திரவத்தைப் படலத்தின்மேல் ஒரு கோடாக இழுத்து, அது இரண்டு நொடி அறுபடாமல் நின்றால் தேறியது, அதற்குள் துளித்துளியாகச் சுருங்கினால் தேறவில்லை என்று முடிவு செய்கிறார்கள். '38 டைன்' என்று பணியாளர் சொல்வது அந்தத் திரவத்தின் அளவையே. அறிவியல் சொல்லாட்சியில் அது மீட்டருக்கு 38 மில்லிநியூட்டன்.

கரோனா என்பது பிளாஸ்மாவின் ஒரு வகை. வாயுவிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிக்கப்பட்டு, எலக்ட்ரான்களும் அயனிகளும் மின்னூட்டமற்ற துகள்களும் கலந்து நிற்கும் நிலையே பிளாஸ்மா; அந்தப் பெயரை 1928-இல் இட்டவர் இர்விங் லாங்மியூர். சூரியனும் பிளாஸ்மாதான் என்று கேட்கும் எவருக்கும், நூறு டிகிரியைச் சற்றுக் கடந்தாலே இளகிவிடும் பாலிஎத்திலீனை அதற்குள் எப்படி வைப்பது என்ற ஐயம் எழுவது இயல்பு. விடை வெப்பநிலைகளின் வேறுபாட்டில் இருக்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான அழுத்தத்தில், பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவெண் கொண்ட மின்புலத்தால் தூண்டப்படும் வாயுவில், எடை குறைந்த எலக்ட்ரான்கள் மட்டும் வேகமெடுத்துச் சில எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை அடைகின்றன. ஓர் எலக்ட்ரான்வோல்ட் என்பது சுமார் 11,600 கெல்வின் வெப்பநிலைக்கு இணையானது. ஆனால் பத்தாயிரம் மூலக்கூறுகளில் ஒன்றோ அதனினும் குறைவாகவோதான் அயனியாகியிருக்கும்; எஞ்சிய வாயு ஏறத்தாழ அறை வெப்பத்திலேயே நிற்கும். இதனால் இது குளிர் பிளாஸ்மா எனப்படுகிறது.

கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க 4.3 எலக்ட்ரான்வோல்ட்டும், கார்பன்–கார்பன் பிணைப்பை முறிக்க 3.6 எலக்ட்ரான்வோல்ட்டும் போதும். பிளாஸ்மாவிலுள்ள எலக்ட்ரான்களுக்கும் அயனிகளுக்கும் கிளர்வுற்ற அணுக்களுக்கும் புறஊதாக் கதிருக்கும் அந்த ஆற்றல் உண்டு. அவை தாக்கும்போது சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் பிடுங்கப்பட்டு, அந்த இடத்தில் இணை சேராத எலக்ட்ரான் ஒன்று எஞ்சுகிறது. இவ்வாறு இணையற்ற எலக்ட்ரானைத் தாங்கிய இடம் தனி உறுப்பு எனப்படும். அது நிலையற்றது, பக்கத்தில் எது கிடைத்தாலும் அதனோடு சேர முயலும். பக்கத்தில் மற்றொரு தனி உறுப்பு இருந்தால் இரு சங்கிலிகளும் குறுக்கே பிணைந்துகொள்ளும். 1966-இல் பெல் ஆய்வகத்தில் ஹேன்சனும் ஷோன்ஹார்னும் ஹீலியம், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களில் வைத்த பாலிஎத்திலீனின் மேல்தோல் இவ்வாறு இறுகி, பசையைத் தாங்கும் வலிமை பெறுவதைக் காட்டினர். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் பெராக்சைடு வழியாக ஹைட்ராக்சில், கார்போனைல், கார்பாக்சில் ஆகிய தொகுதிகள் உருவாகும். அம்மோனியா வாயுவைப் பயன்படுத்தினால் அமீன் தொகுதிகள் கிடைக்கும் என்று பாடநூல்கள் கூறுவது பாதி உண்மை: அமீனோடு இமீனும் நைட்ரைலும் அமைடும் சேர்ந்தே வருகின்றன, கலனைத் திறந்தவுடன் காற்றிலுள்ள ஆக்சிஜனும் தன் பங்கைச் சேர்த்துவிடுகிறது. பிளாஸ்மா விரைவானது, கரைப்பான் வேண்டாதது, கழிவு மிகக் குறைந்தது. ஆனால் வேண்டிய தொகுதியை மட்டும் தேர்ந்து படைக்கும் நுட்பம் அதனிடம் இல்லை.

இம்மாற்றம் முழுவதும் மேலே உள்ள சில நானோமீட்டர், மிஞ்சிப்போனால் பத்து நானோமீட்டர் அளவுக்குள் அடங்கிவிடுகிறது. புறஊதாக் கதிர் மட்டும் இன்னும் சற்று ஆழம் செல்லும். படலத்தின் தடிமன் 50 மைக்ரோமீட்டர் என்றால், மாறிய பகுதி அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. படலத்தின் வலிமையும் ஒளிபுகும் தன்மையும் குறையாமல், ஒரு நிமிடத்துக்குள் நீரின் சேர்கோணம் 100 பாகையிலிருந்து 50 பாகைக்கும் கீழே இறங்கிவிடுவதற்கு இதுவே காரணம். உயிரணு வளர்ப்புக்கான பாலிஸ்டைரீன் தட்டுகள் இப்படிப் பக்குவம் செய்யப்பட்டவையே. பக்குவம் செய்யாத தட்டில் பெரும்பாலான விலங்கு உயிரணுக்கள் காலூன்றிப் படர்வதில்லை.

எனினும் பெற்ற தன்மை நிலைத்து நிற்பதில்லை. பலபடிச் சங்கிலிகள் அறை வெப்பத்திலும் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பவை. நீரை விரும்பும் தொகுதிகள் காற்றை நோக்கியிருப்பது ஆற்றல் அளவில் அவற்றுக்கு ஆதாயமற்றது என்பதால், நாட்கள் செல்லச் செல்ல அவை உள்நோக்கித் திரும்பிக்கொள்கின்றன, சேர்கோணம் மீண்டும் ஏறுகிறது. வெப்பம் இதைத் துரிதப்படுத்தும். குறுக்குப் பிணைப்பு தாமதப்படுத்தும். இதைவிட வஞ்சகமான மற்றொரு குறையும் உண்டு. அளவுக்கு மீறிப் பக்குவம் செய்தால், துண்டுதுண்டாக முறிந்த சிறு சங்கிலிகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து பரப்பின்மேல் தூசுபோல் தங்கிவிடுகின்றன. நீர்த்துளிச் சோதனையில் அப்பரப்பு மிகச் சிறந்ததாகத் தோன்றும்; தண்ணீரில் ஒருமுறை கழுவினால் அந்தத் துண்டுகள் போய்விடும், அவற்றின்மேல் பிணைத்தது எதுவாயினும் அவற்றோடு போய்விடும். கழுவாமல் எடுத்த சேர்கோண அளவீட்டை மட்டும் நம்பி எழுதப்பட்ட ஆய்வுரைகளை ஐயத்தோடு படிப்பது நல்லது.

இனி நொதிக்கு வரலாம். நொதிகள் உயிரினங்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள். வினையில் தாம் தீர்ந்துபோகாதவை. கரைசலில் கலந்த நொதியை வேலை முடிந்தபின் திரும்ப எடுப்பது அரிது என்பதால், அதை ஒரு திடப்பொருளில் நிலைநிறுத்தி மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் எண்ணம் பழையது. நெல்சனும் கிரிஃபினும் 1916-இல் கரித்தூளில் படிந்த இன்வர்டேஸ் நொதி தன் செயலை இழக்காததைக் கண்டனர். இச்சிந்தனை தொழிற்சாலையை அடைய அரை நூற்றாண்டு ஆயிற்று: 1969-இல் ஜப்பானின் தனபே செய்யாகு நிறுவனத்தில் இச்சிரோ சிபாதாவும் அவருடைய குழுவினரும் அமினோஅசிலேஸ் நொதியை நிலைநிறுத்தி அமினோ அமிலங்களைத் தயாரிக்கத் தொடங்கினர். அங்கு அவர்கள் கையாண்டது மின்னூட்டக் கவர்ச்சியால் ஆன தளர்வான பிணைப்பு. நொதி தளர்ந்தபோது, அதே தாங்கியில் புதிய நொதியை ஏற்றிக்கொள்ள அது வசதியாக இருந்தது. வலுவான பிணைப்பே எப்போதும் சிறந்தது என்ற கருத்தை இந்த முதல் வெற்றியே மறுத்துவிட்டது.

ஆனால் உணவைத் தொடும் உறையிலும் உடலுக்குள் செல்லும் குழாயிலும் நொதி கழன்று கலக்கக் கூடாது. அங்கே எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பே வேண்டும். வழக்கமான முறையில், பிளாஸ்மாவால் உண்டான கார்பாக்சில் தொகுதியைக் கார்போடைஇமைடு என்னும் சேர்மத்தால் முடுக்கி, நொதியின் மேற்பரப்பிலுள்ள லைசின் அமினோ அமிலத்தின் அமீனோடு அமைடு பிணைப்பாகச் சேர்ப்பர்; பரப்பில் அமீன் இருந்தால், இரு முனையிலும் ஆல்டிஹைடு கொண்ட குளுட்டரால்டிஹைடு பாலமாக நிற்கும். லைசின்கள் நொதியின் பல பக்கங்களிலும் இருப்பதால், எந்தப் பக்கம் பரப்போடு ஒட்டும் என்பது தற்செயலே. வினைப்பொருள் நுழைய வேண்டிய செயல்மையம் பரப்பை நோக்கிக் கவிழ்ந்துவிட்டால் அந்த மூலக்கூறு இருந்தும் பயனில்லை. இடையில் பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற நீண்ட, நெகிழ்வான இணைப்புச் சங்கிலியைச் சேர்ப்பது இந்தக் குறையை ஓரளவு தணிக்கும்.

புரதத்தின் வடிவமே அதன் செயல் என்பது இங்கே மற்றொரு முடிச்சாகிறது. நீரை வெறுக்கும் பரப்பில் புரதம் இறுக்கமாகப் படியும். ஆனால் தன் உள்ளே மறைத்து வைத்திருக்கும் நீர்வெறுக்கும் பகுதிகளை அப்பரப்பின்மேல் விரித்துவிடுவதால் வடிவம் குலைந்து, செயலிழக்கும். பிளாஸ்மாவால் நீர்விரும்பியாக்கப்பட்ட பரப்பில் வடிவம் காக்கப்படும். ஆனால் பிடிமானம் தளரும். ஆகவே இறுக்கத்தைச் சகப்பிணைப்பிடமும், மென்மையை நீர்விரும்பும் பரப்பிடமும் பிரித்து ஒப்படைப்பதே இந்தக் கலையின் சாரம்.

எவ்வளவு நொதியைப் பிணைக்க முடியும் என்பதை ஒரு கணக்கால் பார்ப்பது தெளிவு தரும். தட்டையான பரப்பில் ஒற்றை அடுக்காகப் புரதம் நிறைந்தால் சதுர மீட்டருக்குச் சில மில்லிகிராம் இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 0.3 மைக்ரோகிராம் என்று கொள்ளலாம். அரை லிட்டர் பால் பாக்கெட்டின் உட்புறம் ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர். எனவே உறை முழுவதும் பிணையக்கூடிய நொதி 0.2 மில்லிகிராமுக்குள் அடங்கும். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காதவர்களுக்காக அதை உறையிலேயே உடைத்துவிடும் லாக்டேஸ் நொதியைப் பிணைத்தால், அந்த 0.2 மில்லிகிராம் சுமார் 23 கிராம் லாக்டோசை உடைக்க வேண்டும். நொதியின் மூலக்கூறு எடையை ஒரு இலட்சம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நொதி மூலக்கூறும் மூன்று கோடிக்கு மேற்பட்ட லாக்டோஸ் மூலக்கூறுகளை வெட்ட வேண்டும். நொடிக்கு நூறு என்ற வேகத்தில், இடைவிடாமல் வெட்டினாலும் ஏறத்தாழ நான்கு நாள் ஆகும். குளிர்பெட்டியின் வெப்பநிலையில் வேகம் இன்னும் குறையும். பாக்கெட்டுப் பாலின் ஆயுளோ அதற்குள் முடிந்துவிடும். ஒரு தட்டைப் பரப்பு பெரிய அளவிலான வினைக்கு ஏற்றதல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. நுண்துளைகளும் இழைகளும் கொண்டு பரப்பைப் பெருக்க வேண்டும். அல்லது சிறிதளவு நொதியே போதுமான வேலைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1962-இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த குளுக்கோஸ் உணர்வி இரண்டாம் வகை. நோயாளியின் உடலில் செருகும் வடிகுழாயில் நுண்ணுயிர்ப் படலத்தின் பசையை அறுக்கும் டிஸ்பெர்சின் பி போன்ற நொதிகளைப் பிணைக்கும் முயற்சிகளும் அவ்வகையே. அங்கே எதிரி மேற்பரப்பிலேயே வந்து அமர்கிறது, நொதியும் அங்கேயே காத்திருக்கிறது.

இணைப்புச் சேர்மங்கள் எதுவுமின்றிப் பிணைக்கும் வழி ஒன்றை ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் மார்செலா பிலெக், டேவிட் மெக்கென்சி ஆகியோரின் குழு வளர்த்தெடுத்தது. நைட்ரஜன் பிளாஸ்மாவில் வைத்த பலபடிக்குச் சுமார் 20,000 வோல்ட் எதிர்மின் துடிப்புகளைக் கொடுத்தால், அயனிகள் பரப்பில் நில்லாமல் பல பத்து நானோமீட்டர் ஆழம் ஊடுருவி, கார்பன் மிகுந்த ஓர் அடுக்கை உண்டாக்குகின்றன. தெளிவாக இருந்த பாலிஸ்டைரீன் பழுப்பேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த அடுக்குக்குள் சிக்கிய தனி உறுப்புகள் உடனே அழிவதில்லை. பல மாதங்கள் தங்கி, சிறிது சிறிதாக மேற்பரப்புக்கு வருகின்றன. புரதக் கரைசலில் நனைத்தாலே போதும்: நீர்விரும்பும் பரப்பில் மென்மையாகப் படியும் புரதத்தை மேலே வரும் தனி உறுப்பு பிணைத்துக்கொள்கிறது. குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸ் நொதியைப் பிணைத்துச் சோதித்தபோது, பக்குவம் செய்யாத பரப்பில் இருந்ததைவிட நீண்ட நாள் அதன் செயல் நிலைத்தது. இச்சோதனை எளியது, அழகானது: நொதி பிணைந்த துண்டை, ஹைட்ரஜன் பெராக்சைடும் டெட்ராமெத்தில்பென்சிடினும் கலந்த நிறமற்ற கரைசலில் நனைத்தால் அது நீலமாகும், அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும், 450 நானோமீட்டரில் அந்த மஞ்சள் ஒளியை உறிஞ்சும் அளவே நொதியின் செயலளவு.

ஆனால் நிறம் வந்ததனால் பிணைப்பு சகப்பிணைப்புதான் என்று ஆகிவிடாது. வெறுமனே படிந்த நொதியும் நிறம் தரும். துண்டிலிருந்து கழன்று கரைசலில் மிதக்கும் நொதி இன்னும் வேகமாக நிறம் தரும். துண்டை எடுத்த பிறகும் கரைசலில் நிறம் வளர்ந்துகொண்டே போனால், வேலை செய்தது பிணைந்த நொதி அன்று, கசிந்த நொதி. இந்தச் சிறிய சோதனையைச் செய்யாமலே வெற்றியை அறிவிப்பது இத்துறையின் பழைய நோய். பிணைப்பைத் தனியாகச் சோதிக்க, சோடியம் டோடெசைல் சல்ஃபேட் என்னும் வலிய சோப்புப் பொருளின் சூடான கரைசலில் துண்டைக் கழுவுவர். அது புரதத்தை விரித்துக் கழற்றிவிடும், சகப்பிணைப்பை மட்டும் அறுக்க முடியாது. அப்படிக் கழுவியபின் நொதியின் செயலும் அழிந்துவிடும் என்பதால், செயலுக்கு ஒரு துண்டும் பிணைப்புக்கு மற்றொரு துண்டும் என்று இரண்டு தனிச் சோதனைகள் தேவை. எஞ்சிய புரதத்தைக் காண, கை சீக்பான் வளர்த்து 1981-இல் நோபல் பரிசு பெற்ற எக்ஸ்-கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலையியல் உதவுகிறது. மேலே பத்து நானோமீட்டருக்குள் உள்ள தனிமங்களை அது எண்ணிக் காட்டும். பாலிஎத்திலீனில் இயல்பாக நைட்ரஜன் இல்லை, புரதத்தில் உண்டு. ஆகவே நைட்ரஜனைக் கண்டால் புரதத்தைக் கண்டதாகும் என்பது வாதம். பக்குவத்துக்கு அம்மோனியாவையோ நைட்ரஜனையோ பயன்படுத்தியிருந்தால் அந்த வாதம் அப்படியே சரிந்துவிடும். அப்போது புரதம் சேர்க்காத, ஆனால் அதே பக்குவம் பெற்ற துண்டை ஒப்பீட்டுக்கு வைக்காமல் எந்த எண்ணுக்கும் பொருளில்லை.

ஆய்வகத்தை விட்டு வெளியே வரும்போது காத்திருக்கும் தடை, தொற்றுநீக்கம். மருத்துவக் கருவியை 121 டிகிரி நீராவியில் வைத்தால் பெரும்பாலான நொதிகள் குலைந்துவிடும். காமாக் கதிர் புரதத்தையும் முறிக்கும். எத்திலீன் ஆக்சைடு வாயு குறைந்த வெப்பநிலையில் வேலை செய்தாலும் அமீன் தொகுதிகளோடு வினைபுரியக்கூடியது. நொதியை நுண்ணுயிரற்ற சூழலிலேயே கடைசிப் படியாகப் பிணைப்பதும், உலரவைக்கும்போது நீர் விலகிய இடத்தைப் பிடித்துக்கொண்டு புரதத்தின் வடிவத்தைக் காக்கும் டிரெஹலோஸ் சர்க்கரையைச் சேர்ப்பதும் இப்போது கையாளப்படும் வழிகள். மின்துடிப்புகளால் பக்குவம் செய்த பரப்பு மாதக்கணக்கில் தன் தனி உறுப்புகளை வைத்திருக்கிறது என்பது இவ்விடத்தில் கூடுதல் பயன் தருகிறது: பக்குவம் செய்த கருவியை ஓரிடத்தில் தயாரித்து, இருப்பு வைத்து, தொற்றுநீக்கம் முடித்தபின், நொதியை வேறோர் இடத்தில் வெறும் நீர்க்கரைசலில் நனைத்தே ஏற்றிக்கொள்ளலாம்.